சீல் உடையாத பை

ஜனவரி 9

மிருதுளா துபாயிலிருந்து திரும்பிவிட்டாள். நேராக எங்கள் பாராசூட் கிளப்பின் ஓடுதள ஷெட்டுக்கே வந்து, பாராசூட் பையை என் மேஜையில் வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாள். போகும்போது கைப்பையாக எடுத்துப்போனவள். வரும்போது கவுண்டரில் விடவில்லையாம். மற்றவர்கள் பெட்டிகளோடு சேர்த்து விமானத்தின் அடியில் போட்டுவிட்டார்கள்.

"பெல்ட்டுல வந்தப்ப ஒரு பக்கம் நனைஞ்சிருந்துச்சுங்ண்ணா. யாரோ பாத்ரூம் கழுவற ஆசிட்டு மாதிரி என்னமோ பெட்டிக்குள்ள வச்சிருந்திருப்பாங்க போல. வெளிய தொடச்சுட்டேன். உள்ள ரிசர்வ் வரைக்கும் போயிருக்கான்னு மட்டும் பாத்துருங்க."

"இருபதாம் தேதியோட ரிசர்வ் கெடு முடியுது. எப்படியும் பிரிச்சு மடிக்கணும். அப்பப் பாக்கறேன்."

புது டைரி. அதனால் வேலையைப் பற்றி ஒரு தடவை எழுதிவைக்கிறேன். ஒரு பையில் இரண்டு பாராசூட் இருக்கும். முதலாவதை, மெயினை, குதிக்கிறவர்களே மடித்துக்கொள்வார்கள். அது சதி செய்தால் காப்பாற்றுவது ரிசர்வ். அதை உரிமம் உள்ளவன்தான் தொடலாம். ஆறு மாதத்துக்கு ஒரு முறை பிரித்து, காற்றாடத் தொங்கவிட்டு, துணியை விளக்குக்கு எதிரே பிடித்து, கயிறுகளை ஒவ்வொன்றாக விரலால் உருவிப் பார்த்து மடிக்க வேண்டும். நாலு மணி நேரம். பிறகு சிவப்பு நூல், ஈய சீல், அட்டையில் கையெழுத்து. எங்கள் கிளப்பில் அந்த உரிமம் எனக்கு மட்டும். விமானப்படையில் இருபது வருடம் மடித்த கை இது. ஒரு புகார் வந்ததில்லை.

ஜனவரி 16

பொங்கல் வேலைகள் முடிந்தன. கிணற்று மோட்டார் காயில் போய்விட்டது. உடுமலைக்கு இரண்டு நடை. மிருதுளா போன் செய்தாள். தாய்லாந்து முகாமுக்கு இருபத்துநாலாம் தேதி டிக்கெட். பத்து நாடுகளிலிருந்து வருகிறார்களாம். நானும் கூட வர வேண்டும் என்று அவள் அப்பா சொல்லிவிட்டார். மில்காரர் குழந்தைவேல் ஒன்று சொன்னால் அது நடக்க வேண்டும். கிளப், ஓடுதளம், நான் உட்கார்ந்திருக்கும் நாற்காலி எல்லாம் அவருடையது.

ஜனவரி 19

ஞாயிறு. மனைவி வசந்தாமணியின் அக்கா தாராபுரத்தில் கட்டிய வீட்டுக்குப் புதுமனை புகுவிழா. விடியும் முன்னே கிளம்பினோம். பால் காய்ச்சியது, பந்தி, மதியம் மாப்பிள்ளை வீட்டாரோடு தோட்டம் பார்த்தது. வீடு திரும்பும்போது மாலை ஆறரை. ஷெட்டுக்குப் போனேன். ஏழரைக்குச் சாப்பாடு. ரசம் நன்றாக இருந்தது.

மிருதுளாவின் ரிசர்வ் வேலை முடிந்தது. புது நூல், புது சீல். அட்டையில் இன்றைய தேதி.

ஜனவரி 24

விமானத்தில் எழுதுகிறேன். இன்னும் எரிச்சல் தீரவில்லை.

வெளிநாட்டு விமானம் மாறும் ஊரில் பாதுகாப்புச் சோதனை. பாராசூட் பையைக் கைப்பையாக எடுத்துப்போகிறவர்களுக்கு இது பழகிய கூத்து. ரிசர்வைத் தானாகத் திறக்கவைக்கும் ஒரு சின்னக் கருவி பைக்குள் இருக்கும். எக்ஸ்ரேயில் அதைப் பார்த்தால் எல்லோருக்கும் பயம். அதற்காகவே கருவி எப்படித் தெரியும் என்று படம் அச்சடித்த அட்டை ஒன்று கூடவே வைத்திருப்போம். மிருதுளா அதைச் சிரித்துக்கொண்டே நீட்டினாள்.

சோதித்தவள் முப்பது முப்பத்தைந்து வயதுப் பெண். தனியார் ஏஜென்சி ஆள். சட்டையில் ஜெசிந்தா என்று பெயர். அட்டையை வாங்கி வரி வரியாகப் படித்தாள். "கருவி சரிங்க சார். ஆனா பையில ஒரு வாடை அடிக்குது. ஆசிட் மாதிரி. இந்த மேல் பக்கத்தை மட்டும் கொஞ்சம் திறந்து காட்டுவீங்களா?"

"அது ரிசர்வ். சீல் வச்சது. திறந்தா மறுபடி மடிக்க நாலு மணி நேரம் ஆகும். நீ உக்காந்து மடிச்சுத் தருவியா?"

"நான் தொடமாட்டேன் சார். நீங்களே திறங்க. நான் பாத்துட்டு விட்டுடறேன்."

"சீலைப் பாரு. அட்டையைப் பாரு. அஞ்சு நாள் முன்னாடி பிரிச்சு மடிச்சிருக்கு. யாரு மடிச்சதுன்னு தெரியுமா? நான்."

"அதில்ல சார். வாடை—"

பின்னால் வரிசை நீண்டுவிட்டது. மேலாளரைக் கூப்பிடச் சொன்னேன். வந்தார். விமானப்படை அடையாள அட்டையைக் காட்டினேன். உங்கள் ஆளுக்கு எது பாராசூட் எது பழைய துணி மூட்டை என்றுகூடத் தெரியவில்லை என்றேன். அவர் வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னாலும் அவளை இரண்டு வார்த்தை கேட்டார். அவள் முகம் சிவந்துபோயிற்று. பையை ட்ரேயிலிருந்து எடுத்து மிருதுளாவின் கையில் கொடுத்தாள். அதற்கு மேலே ஒரு விரல்கூட அவள் அதில் வைக்கவில்லை.

"பாத்துப் போயிட்டு வா பாப்பா," என்றாள்.

விமானத்தில் ஏறி உட்கார்ந்ததும் மிருதுளா சொன்னாள்: "பாவம்ண்ணா அந்தக்கா. அவங்க வேலையைத்தானே பாத்தாங்க." பிறகு கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா வாடை எனக்கும் வந்துச்சு. உள்ள பாத்துட்டீங்கல்ல?"

"கையெழுத்துப் போட்டிருக்கேன்ல."

"அப்பச் சரி," என்று தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டாள்.

ஜனவரி 26

பாங்காக்கிலிருந்து இரண்டு மணி நேரப் பயணம். நல்ல ஓடுதளம். கரும்புக் காடுகளுக்கு நடுவே. இங்கே ரிசர்வ் மடிக்கிறவர் பெயர் பிரசேர்ட். வயது அறுபது இருக்கும். தன் மேஜையைக் காட்டி, நீண்ட பயணம் வந்த பை, ஏதாவது பார்க்க வேண்டுமானால் இன்று மேஜை காலி என்றார். தேவையில்லை என்றேன்.

மிருதுளா இரண்டு முறை குதித்தாள். சுத்தமாக இறங்கினாள். மதியம் அன்னாசிப் பழம் வாங்கி வந்து எனக்குப் பாதி கொடுத்தாள்.

ஜனவரி 28

மூன்று குதிப்பு. எல்லாம் நன்று. பயணத்தில் வீங்கிய என் இடது கால் இன்னும் வடியவில்லை.

ஜனவரி 29

மிருதுளா இல்லை.

ஜனவரி 31

நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன். நாளைக்கு யாராவது கேட்பார்கள்.

காலை பத்து மணி இருக்கும். எட்டுப் பேர் கைகோத்துக் குதித்தார்கள். பிரிந்தார்கள். மிருதுளாவின் மெயின் திறந்தது, ஆனால் கயிறுகள் முறுக்கிக்கொண்டு அவளைச் சுழற்ற ஆரம்பித்தன. இப்படி எப்போதாவது நடக்கும். அவள் பதறவில்லை. பாடத்தில் உள்ளபடியே மெயினை அறுத்து விட்டாள். ரிசர்வ் வந்தது. வெள்ளையாக விரிந்தது. நான் மூச்சு விட்டேன். விரிந்த மாத்திரத்தில் நடுவில் ஒரு கோடு ஓடியது. கோடு அகலமாயிற்று. அதன் வழியாக வானம் தெரிந்தது.

மேலே இருந்தபடியே கால்களை உதைத்துக்கொண்டிருந்தாள். கரும்புக்குள் விழுந்தாள்.

உள்ளூர்ப் போலீஸ் படம் எடுத்தார்கள். விபத்து என்று எழுதினார்கள். பிரசேர்ட் கிழிந்த துணியை மேஜையில் விரித்தார். கிழிந்த ஓரம் மஞ்சள் பூத்திருந்தது. விரலால் தேய்த்தார், அப்பளம் மாதிரி நொறுங்கியது. முகர்ந்து பார்த்தார். அட்டையை எடுத்துக் கையெழுத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"துணி பத்து நாளில் இப்படி ஆகாது," என்றார். "எங்கள் அறிக்கையில் ரிசர்வ் கிழிந்தது என்று மட்டும் இருக்கும். ஏன் என்பதை உங்கள் ஊரில் உரிமம் உள்ளவர் பார்த்து எழுதட்டும்."

எங்கள் ஊரில் உரிமம் உள்ளவன் நான்தான்.

பிப்ரவரி 3

உடல் அதே விமானத்தில் அடியில் வந்தது. பை என்னோடு மேலே. என் இருக்கைக்கு மேல் இருந்த அடைப்பில் வைத்தேன். பணிப்பெண் அதைத் தள்ளி வைத்து ஒரு சாக்லேட் பொட்டலத்தை அதன் மேல் வைத்தாள். நான் எழுந்து அதை எடுத்து வேறு இடத்தில் வைத்தேன்.

விமானம் மாறும் ஊரில் குழந்தைவேல் ஐயா ஆம்புலன்ஸோடு காத்திருந்தார். என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். அழவில்லை. "நான் புள்ளையோட ரோட்டுல போறேன். நீ இந்தப் பையை எடுத்துட்டு அடுத்த பிளைட்டுல போயிரு. அவ அம்மா கண்ணுல இது படக் கூடாது."

உள்நாட்டு விமானத்துக்கு மறுபடி சோதனை. அதே பெண். இந்த வாரம் அவளை இந்தப் பக்கம் போட்டிருக்கிறார்கள் போலிருக்கிறது. பையை அடையாளம் கண்டுகொண்டாள். சீல் இல்லை, மூடி திறந்து துணி பிதுங்கி நிற்பதைப் பார்த்தாள். எனக்குப் பின்னால் யாரையோ தேடினாள்.

"அந்தப் பாப்பா எங்க சார்?"

நான் போலீஸ் தாளை எடுத்து நீட்டினேன். படித்தாள். ட்ரேயின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். கன்னத்தில் கண்ணீர் வழிவதைத் துடைக்கக்கூட இல்லை.

"நான் அன்னைக்கே சொன்னேனே சார். திறந்து பாருங்கன்னு சொன்னேனே."

"கொஞ்சம் மெதுவாப் பேசும்மா."

"நான் யார் கேட்டாலும் சொல்லுவேன் சார். ரெண்டு தடவை சொன்னேன். நீங்க திறக்கல."

பக்கத்து வரிசையில் இருந்த இன்னொரு பெண் திரும்பிப் பார்த்தாள். நான் பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். நாள் முழுக்கச் சாப்பிடவில்லை.

பிப்ரவரி 4

தகனம். கூட்டம் நிறைய.

பிப்ரவரி 7

காஸ் சிலிண்டருக்குச் சொல்லிவிட்டேன். ஷெட்டில் எலி. பழைய வேட்டிகளை எடுத்துப் பாலித்தீனில் கட்டி வைத்தேன். பை மேஜைக்கு அடியில் இருக்கிறது.

பிப்ரவரி 11

குழந்தைவேல் ஐயா மில்லுக்குக் கூப்பிட்டார். பத்து நாளில் பத்து வயது கூடியிருக்கிறது.

"எனக்கு ஏன்னு தெரியணும் துரை. விசாரணைன்னு வந்திருக்காங்க. உரிமம் இருக்கற ஆளு ஒருத்தரு பையைப் பாத்து எழுதிக் குடுக்கணுமாம். நீ எழுதறியா, இல்ல பெங்களூர்ல இருந்து ஆளைக் கூட்டியாரட்டுமா?"

"நானே எழுதறேனுங்கய்யா. எம் பொறுப்பு."

"உன்னைய விட்டா யாரு இருக்கா."

வந்திருந்த அதிகாரியோடு கொஞ்சம் பேசினேன். நல்ல மனிதர். விமான நிலையக் கேமராப் பதிவுகள் எத்தனை நாள் இருக்கும் என்று பேச்சுவாக்கில் கேட்டேன். முப்பது நாள் என்றார்.

பிப்ரவரி 18

அறிக்கை எழுத அவசரப்படக் கூடாது. கிளப்பில் இருந்த மற்றப் பைகள் ஐந்தையும் பிரித்து மடித்தேன். ஒவ்வொன்றும் நாலு மணி நேரம். சிலது ஐந்து. வசந்தாமணி சாப்பாட்டை ஷெட்டுக்கே கொண்டுவந்தாள். விரித்துப் போட்ட துணியையும் சுவரில் இருந்த கடிகாரத்தையும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஒண்ணுக்கு இவ்வளவு நேரம் ஆகுங்களா?" என்றாள்.

"ஆகும்."

பிப்ரவரி 26

அறிக்கையைக் கொடுத்துவிட்டேன். மூன்று பக்கம். சாராம்சம்: ஜனவரி 19 அன்று ரிசர்வ் முறைப்படி பிரித்துச் சோதிக்கப்பட்டுக் குறையின்றி மடிக்கப்பட்டது. 24 அன்று விமான நிலையத்தில் சோதனை ஊழியர் ஒருவர் எச்சரிக்கையை மீறி ரிசர்வ் மூடியின் ஓரத்தை நெம்பி, உள்ளே கையை விட்டு, ரசாயனம் நனைத்த சோதனைத் துணியால் தேய்த்தார். துணியின் சிதைவு அந்த இடத்திலேயே காணப்படுகிறது.

எழுத்துப் பிழை எதுவும் இல்லை என்று இரண்டு முறை பார்த்தேன்.

மார்ச் 8

குழந்தைவேல் ஐயா சும்மா இருக்கவில்லை. மேலிடம்வரை போனார். பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டார். ஏஜென்சி அந்தப் பெண்ணை வேலையை விட்டு நீக்கிவிட்டது. அவள் ஏதோ சொல்லிப் பார்த்திருக்கிறாள். மேலாளர், அன்றைக்கு வாக்குவாதம் நடந்தது உண்மை, மற்றது தனக்கு நினைவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டாராம். பேப்பரில் அவள் பேரும் படமும் வந்திருக்கிறது. படத்தில் வயதானவள் மாதிரி இருக்கிறாள்.

மிருதுளாவைப் பெற்ற பூங்கோதை அம்மா அந்தப் படத்தைக் கத்தரித்து வைத்திருப்பதாக ஐயா சொன்னார். "ஒரு மாசமாத் தூங்காதவ நேத்து ஆறு மணி நேரம் தூங்குனா துரை."

மார்ச் 19

அந்தப் பெண் வீட்டுக்கே வந்துவிட்டாள். ஆறு மணி நேரம் பஸ்ஸில் வந்திருக்கிறாள். வசந்தாமணிதான் கதவைத் திறந்தாள், யாரென்று தெரியாமல் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்திருக்கிறாள்.

"நான் வேலையைத் திருப்பிக் கேட்டு வரல சார்," என்று ஆரம்பித்தாள். "உள்ள கையை விட்டேன்னு எழுதியிருக்கீங்க. நான் தொடவே இல்லையே."

"விசாரணை முடிஞ்சதும்மா. இனி என் கையில ஒண்ணும் இல்ல."

"எங்க தெருவுல என்னைப் பாத்தா கதவைச் சாத்திக்கிறாங்க சார். எம் மக ஸ்கூலுக்குப் போகமாட்டேங்கறா. அம்மா, நீ ஒரு அக்காவைக் கொன்னுட்டியான்னு கேக்கறா. அவளுக்கு நான் என்ன சொல்ல?"

அவள் குடித்த டம்ளரை நான் நகர்த்தி வைத்தேன்.

"ஒரே ஒரு வரி போதும். திறந்து காட்டுங்கன்னு நான் கேட்டேன்னு மட்டும் எழுதிக் குடுங்க. நீங்க ஏன் திறக்கலன்னுகூட எழுத வேணாம். எம் மககிட்ட காட்டணும், அவ்வளவுதான்."

"நீ கேட்டதா எனக்கு ஞாபகம் இல்ல."

அவள் என்னையே பார்த்துக்கொண்டு இருந்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். "அந்தப் பாப்பா உங்களை அண்ணான்னுதானே கூப்பிட்டுச்சு," என்று மட்டும் சொன்னாள். பிறகு எழுந்து, திரும்பிப் போக எத்தனை மணிக்கு பஸ் என்று வசந்தாமணியிடம் கேட்டாள்.

வசந்தாமணி பஸ் நிறுத்தம்வரை கூடப் போனாள். பத்து நிமிட நடை. ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் வந்தாள்.

மார்ச் 20

காலையில் தோசை வார்த்துக்கொண்டே வசந்தாமணி கேட்டாள்.

"ஏனுங்க, தாராபுரம் போயிட்டு வந்தமே, அன்னைக்கா அந்தப் புள்ளையோடத மடிச்சீங்க?"

"ஆமா."

"நான் ஒல வச்சு, சோறு வடிச்சு, ரசத்தைத் தாளிச்சு எறக்கறதுக்குள்ள நீங்க வந்துட்டீங்க."

சமையல்கட்டுக் கணக்கில் பாராசூட்டைப் பேசாதே என்றேன். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன். அவள் அந்தத் தோசையை எடுத்து வாசலில் நாய்க்குப் போட்டாள்.

மார்ச் 27

பேச்சு இல்லை. சோறு வைக்கிறாள், உப்பு சரியாகத்தான் இருக்கிறது.

ஏப்ரல் 2

இன்று வசந்தாமணி குழந்தைவேல் ஐயா வீட்டுக்குத் தனியாகப் போய்வந்தாள். என்னிடம் கேட்கவில்லை. வந்து, கூடத்தில் நின்றபடியே, கடைச் சாமான் கணக்கு ஒப்பிப்பதுபோல எல்லாவற்றையும் ஒப்பித்தாள்.

பூங்கோதை அம்மா உள்ளே இருந்தாராம். ஐயா இவளை முன்னறையில் உட்காரவைத்துக் கதவைச் சாத்தியிருக்கிறார். இவள் பத்தொன்பதாம் தேதி சாயங்காலத்தைச் சொல்லியிருக்கிறாள். ஜெசிந்தா வந்ததையும் சொல்லியிருக்கிறாள். கடைசியில் ஐயா கேட்டது ஒன்றுதான்: "வேற யாருகிட்டயாவது சொன்னியா அம்மிணி?"

இல்லை என்றிருக்கிறாள்.

"சொல்லாத. எம் பொண்டாட்டி இப்பத்தான் தூங்க ஆரம்பிச்சிருக்கா. யாரைச் சபிக்கறதுன்னு அவளுக்கு ஒரு ஆளு கெடச்சிருக்கு. அதைப் புடுங்குனா அவ எம் முன்னாலயே செத்துருவா."

"அந்தப் பொண்ணு ஒண்ணும் பண்ணலீங்களே," என்றிருக்கிறாள் இவள்.

"தெரியுது. துரையை நான் பாத்துக்கறேன். நீ வீட்டுக்குப் போ."

சொல்லி முடித்துவிட்டு, "நாளைக்கு அக்கா வீட்டுக்குப் போறேன்," என்றாள். எத்தனை நாளைக்கு என்று கேட்டேன். அரிசி ஊறப்போட உள்ளே போனாள்.

ஏப்ரல் 3

காலைப் பஸ்ஸில் போய்விட்டாள். ஒரு பெட்டி. மாவு அரைத்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

ஏப்ரல் 4

மில் ஆபீஸ். ஐயா எதிரே உட்காரச் சொன்னார். என் அறிக்கை அவர் மேஜையில் இருந்தது. போலீஸைக் கூப்பிடுவார் என்று நினைத்தேன். கன்னத்தில் அறைவார் என்று நினைத்தேன். அது நடந்திருந்தால்கூடத் தேவலை.

"சீல் வைக்க எத்தனை நிமிசமாச்சு?"

நான் தரையைப் பார்த்தேன்.

"கேக்கறேன்ல."

"பத்து நிமிசங்கய்யா."

தலையை ஆட்டினார். மேஜை மேலிருந்த கண்ணாடிக் குண்டை நகர்த்திவைத்தார். "பத்து," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

"பொண்டாட்டி தாராபுரம் போயிருச்சாமா?"

"ஆமாங்க."

"அப்பச் சாப்பாட்டுக்கு என்ன பண்ணுவ? ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம நம்மூட்டுக்கு வந்துரு. பூங்கோதைகிட்டச் சொல்லியாச்சு. மிருதுளா கூடவே கடைசிவரைக்கும் இருந்தவன்னு உன் மேல அவளுக்கு உசுரு."

"வேண்டாங்கய்யா. என்னால முடியாது."

"வரணும்."

எழுந்தேன். கதவுவரை போனவன் நின்று, அந்தப் பெண்ணுக்கு ஏதாவது செய்யலாமே என்றேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை. அவர் முதல் முறையாக என் கண்ணைப் பார்த்தார்.

"அவ அப்படியே இருக்கட்டும். அவ இல்லீன்னா எம் பொண்டாட்டி உன்னையத் திட்டணும். அப்புறம் உனக்கு யாரு சோறு போடுவா?"

ஏப்ரல் 6

போனேன். இலை போட்டிருந்தார்கள். பூங்கோதை அம்மா கை மெலிந்து வளையல் முழங்கைக்கு ஏறுகிறது. அந்தக் கையாலேயே பரிமாறினார்.

"சாப்புடு சாமி. இது எம் புள்ள விரும்பித் திங்கற பருப்பு. அவ கடைசியா ஆசைப்பட்டு என்ன சாப்புட்டா, சொல்லு."

அன்னாசிப் பழம் என்றேன்.

"உனக்குக் குடுத்துச்சா?"

"பாதி குடுத்துச்சுங்க."

அவர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். ஐயா எதிர் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு இலை போடவில்லை. என் இலை காலியாகும் போதெல்லாம், "இன்னுங் கொஞ்சம் வை," என்றார்.

வரும் வழியில் வண்டியை நிறுத்தி, புளியமரத்தடியில் எல்லாவற்றையும் வாந்தி எடுத்தேன்.

ஏப்ரல் 13

போனேன். வலித்திருக்குமா என்று அம்மா கேட்டார். இல்லை, தெரிந்தே இருக்காது என்றேன். போன வாரமும் இதையே கேட்டார். அடுத்த வாரமும் கேட்பார்.

தாராபுரத்துக்குப் போன் செய்தேன். அக்காதான் எடுத்தாள். வசந்தாமணி ஊரில் இல்லையாம். அந்த ஜெசிந்தாவின் மகளைப் பார்க்கப் போயிருக்கிறாளாம்.

ஏப்ரல் 20

இன்று சாப்பாட்டுக்கு முன்னால் காரில் ஏறச் சொன்னார்கள். ஆனைமலை மாசாணியம்மன் கோயில். அநியாயம் செய்தவர்களைக் கேட்கச் சொல்லி அங்கே கல்லில் மிளகாய் அரைத்து அம்மனுக்குப் பூசுவார்கள். நல்ல கூட்டம். பூங்கோதை அம்மா வரிசையில் நின்று ஆட்டுக்கல் முன்னால் உட்கார்ந்தார். இரண்டு சுற்று அரைத்தார். அதற்குள் மூச்சு வாங்கியது.

"எனக்கு ஏலல சாமி. எம் புள்ளைக்கு அண்ணன் மாதிரி நீ. நீ அரை."

குழந்தைவேல் ஐயா தூணில் சாய்ந்து நின்றார். நான் உட்கார்ந்தேன். குழவியைப் பிடித்தேன். வற்றல் நசுங்கிச் சாந்தாகும்வரை அரைத்தேன். காரம் கண்ணில் ஏறியது. அம்மா என் அருகில் குந்தி, தன் முந்தானையால் என் கண்ணைத் துடைத்துவிட்டார்.

"போதும். வழிச்சு எடு. பூசறப்பப் பேரைச் சொல்லணும். எம் புள்ளையக் கொன்னவ பேரைச் சொல்லு."

சாந்தை வழித்துக் கையில் எடுத்தேன். விரல் நுனியிலிருந்து மணிக்கட்டுவரை எரிந்தது. பூசினேன். "ஜெசிந்தா," என்றேன்.

"எனக்குக் கேக்கல," என்றார் ஐயா தூணருகில் இருந்து. "சத்தமாச் சொல்லு."

சத்தமாகச் சொன்னேன்.

"பூங்கோதை மூணு தடவை சொல்லுவா. நீயும் மூணு தடவை சொல்லு."

வரிசையில் நின்றவர்கள் ஒதுங்கி வழி விட்டார்கள். பூங்கோதை அம்மா கண்ணை மூடிக் கைகூப்பி நின்றார். அவர் முகத்தில் அவ்வளவு நம்பிக்கை. நான் மறுபடியும் சொன்னேன். அதற்குப் பிறகும் ஒரு தடவை சொன்னேன்.